மச்சான் விட்டுப்போன டப்பா

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

பொங்கலுக்கு வந்திருந்த மச்சான் டெக்சாஸுக்குத் திரும்பும்போது, பெட்டியில் எடை கூடிவிட்டது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். உள்ளே ஐம்பதுக்குக் குறையாமல் லூர், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரை. ரப்பர் தவளை, தகடு சுழலும் ஸ்பின்னர்பெயிட், முகத்தில் கண்ணாடி நாக்கு வைத்த கிராங்க்பெயிட், சோம்பு வாசனை அடிக்கும் ரப்பர் புழு. மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் நாலு கட்டம் போட்டிருக்கிறான்: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர். எந்தக் காலத்துக்கு எது என்று பொடி எழுத்தில் பட்டியல்.

எல்லாம் லார்ஜ்மவுத் பாஸ் என்ற அமெரிக்க நன்னீர் மீனுக்கானவை. கடலூரில் அந்த மீன் ஏது? ஆனால் விரால் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தொழில்தான்: பாசிக்கு அடியில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேல் எது போனாலும் பாய்ந்து விழுங்குவது. சரி, இந்த வருடம் முடிந்த ஞாயிறெல்லாம் போய் இந்த நாலு கட்டத்தையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இன்று முதல் நாள். பாகூருக்கு மேற்கே ஒரு சின்ன ஏரி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு அந்தக் கரையில் இருபது பைக் நிற்கும். ஆறு மணிக்கே போய்விட்டேன். நல்ல பனி. 'குளிர்' கட்டத்தில் ஜிக் என்று போட்டிருந்தது. ஈயத் தலையோடு ஒரு தூண்டில் முள், அதைச் சுற்றி ரப்பர் இழையில் ஒரு பாவாடை. அடியில் விட்டு மெல்ல மெல்ல இழுக்க வேண்டுமாம். குளிர்ந்த தண்ணீரில் பாஸுக்கு உடம்பு மந்தமாகிவிடும், ஓடி வந்து பிடிக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் எங்கள் ஏரியின் அடியில் இருப்பது வேலம்பாசி. இரண்டு மணி நேரத்தில் அரை மூட்டை பாசி பிடித்தேன்.

கரையில் மூங்கில் கம்போடு உட்கார்ந்திருந்த பெரியவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெயில் ஏறட்டும் தம்பி, அவனும் எழுந்து வரணும்ல" என்றார். ஒன்பதரைக்கு மேல்தான் அங்கங்கே விரால் மேலே வந்து காற்றுக் குடித்தது. அதற்குள் வீட்டிலிருந்து போன்.

2024 மார்ச் 17, ஞாயிறு

தண்ணீர் இரண்டடி இறங்கியிருக்கிறது. நன்றாகத் தெளிந்துவிட்டது, மதகுப் படியில் நின்றால் ஜிலேபி கெண்டை தன் பள்ளத்துக்குக் காவல் நிற்பது தெரிகிறது.

'வசந்தம்' கட்டத்தை எடுத்தேன். அங்கே பனிக்காலம் முடிந்து தண்ணீர் 15, 18 டிகிரிக்குச் சூடேறும்போது பாஸ் கரையோரம் வந்து அடிமணலில் பள்ளம் பறித்து முட்டையிடும். அதுதான் அவர்களுக்குத் திருவிழாக் காலம். பையனின் மீன்தொட்டித் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் நம் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு 28. மார்கழியில் பார்த்தாலும் 15 வராது. ஆக அந்தக் கட்டம் அப்படியே அடிபட்டுப் போயிற்று.

ஆனாலும் அதில் இருந்த ரப்பர் புழுவை விட மனமில்லை. டெக்சாஸ் ரிக் என்று ஒரு கட்டு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிட்டு, தூண்டில் நரம்பில் துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயம் ஒன்றைக் கோப்பது. பாசியில் மாட்டாது, மீன் கடித்து நாம் சுண்டும்போதுதான் நுனி வெளியே வரும். அல்லிக்கொடிகளுக்கு நடுவே இறக்கி, கம்பு நுனியை லேசாகத் தூக்கித் தூக்கி விட்டேன். மூன்றாவது வீச்சில் நரம்பு பக்கவாட்டில் ஓடியது. சுண்டினேன். வந்தது ஒரு சாண் குறவை.

பெரியவர் சிரிக்கவில்லை. "குழம்புக்கு ஆவும்" என்றார். அந்த 'ஆவும்' சிரிப்பைவிட மோசம்.

2024 மே 5, ஞாயிறு

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கடலிலும் விசைப்படகுத் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மார்க்கெட்டில் கடல்மீன் வரத்துக் குறைய, ஏரிமீன் விலை ஏறிக் கிடக்கிறது. வீட்டில் என்னைத் தடுக்க இப்போது ஆளில்லை.

'கோடை' கட்டத்தில் முதல் பெயர் தவளை. இந்த ஒரு இடத்தில் மச்சானின் மூடியும் எங்கள் ஏரியும் அச்சாகப் பொருந்துகின்றன. வெயில் காலத்தில் அங்கே பாஸ் விடியலிலும் அந்தியிலும்தான் மேலே வந்து இரை எடுக்கும். நடுப்பகலில் இலை நிழலுக்கடியில் ஒதுங்கிவிடும். இங்கே விராலும் அதேதான். ஏரியில் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. அதன்மேல் வேறு எந்த லூரையும் இழுக்க முடியாது. தவளை மட்டும் போகும், ஏனென்றால் உள்ளே வெறும் காற்று. இரண்டு முள்ளும் மேல்நோக்கி அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். மீன் வாய் அமுக்கினால்தான் ரப்பர் நசுங்கி முள் வெளிப்படும்.

டப்பாவில் பச்சை, மஞ்சள், வெள்ளை, கருப்பு என்று நாலு தவளை. நான் எடுத்தது கருப்பு. நிறத்தைப் பற்றி மச்சான் நிறையச் சொல்வான், எனக்கு அதில் பாதிக்கு நம்பிக்கையில்லை. மீன் கீழேயிருந்து வானத்தைப் பார்க்கிறது. அதற்குத் தெரிவது நிழலுருவம். கருப்புதான் அழுத்தமாகத் தெரியும். கடைக்காரர் வைத்திருக்கும் மற்ற நிறங்கள் நம்மைப் பிடிக்க.

காலை ஐந்தே முக்காலுக்கு ஆகாயத்தாமரை நடுவே ஒரு குண்டான் அகலத்துக்குத் திறந்த இடம். அதில் விரால் ஒரு முறை மூச்சு வாங்கிப் போயிற்று. அந்த வளையத்தின் மேலேயே போடக் கூடாது, கலைந்துவிடும். அதைத் தாண்டிப் பத்தடி தள்ளி வீசி, இலைமேல் தத்தித் தத்தி இழுத்து வந்து, திறந்த இடத்தில் இறக்கி நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் வித்தை. கை அரிக்கும். நிறுத்தினேன். தண்ணீர் வெடித்த சத்தத்தில் நான் பயந்து உடனே சுண்ட, தவளை பறந்து வந்து என் நெஞ்சிலேயே அடித்தது.

பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "வெத்தலை போடுறவனைப் பேச வைக்காத தம்பி. மெல்லட்டும்."

அரை மணி கழித்து வேறொரு திறப்பில் அடித்தது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். நரம்பு இறுகியபின் இடுப்போடு சேர்த்து இழுத்தேன். விராலின் வாய் முழுக்க எலும்பு. மெதுவாகச் சுண்டினால் முள் ஏறாது. ஏறியபின் விளையாட விடவும் கூடாது, அடிக்கொடியில் சுற்றிக்கொள்ளும். கனத்த பிரெய்டு (பின்னல்) நரம்பு போட்டிருந்ததால் மீனோடு ஐந்து கிலோ ஆகாயத்தாமரையும் கரையேறியது. வீட்டுத் தராசில் விரால் ஒரு கிலோ நூறு கிராம்.

அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து வழுவழுப்பு எடுத்து, மண்சட்டியில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மீதியை நாளைக்கு என்று மூடி வைத்தவளுக்குத் தெரியும், இரவே சட்டி காலியாகும் என்று.

பெரியவர் போடுவது உயிர்த்தவளை. முதுகுத் தோலில் முள்ளைக் குத்தி நீந்த விடுவார். அவர் அளவுக்கு யாரும் பிடிப்பதில்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை, ரப்பர் போதும்.

2024 ஜூன் 16, ஞாயிறு

ஏரி முடிந்தது. குத்தகைக்காரர் வலை போட்டு அரித்துவிட்டார். நடுவில் முழங்கால் அளவு சேறு. பையன்கள் இறங்கிக் கையைவிட்டுத் துழாவுகிறார்கள். விரால் காற்றைக் குடித்து உயிர் வாழும் மீன் என்பதால் ஈரச்சேற்றுக்குள் புதைந்து நாள் கடத்தும். மூடியில் இதற்குக் கட்டம் இல்லை.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. வீட்டில் கவிச்சி கிடையாது. அமாவாசைக்குத்தான் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும், கொடுவா அடிக்கும். இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்தவனை என்ன சொல்வது.

சாயங்காலம் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் உப்பனாற்றங்கரைக்குப் போனேன். "வேடிக்கை பார்க்கத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கம்பு தானாகவே வண்டியில் ஏறிக்கொண்டது.

கொடுவாவுக்கு இங்கிலீஷில் ஏஷியன் சீ பாஸ் என்று பெயர். மச்சானின் பாஸுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. அது உண்மையில் சன்ஃபிஷ் குடும்பம். இது கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய்வரும் வேறு சாதி. ஆனால் ஏரியில் பாசியை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்த கிராங்க்பெயிட்டுக்கு இங்கே வாழ்வு வந்தது. பாசியில்லாத ஓடும் தண்ணீர். நாக்கு தண்ணீரை வெட்டி அது ஆறடி கீழே இறங்கித் தலையாட்டிக்கொண்டே வரும். வற்றம் தொடங்கி, பாலத்தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழித்துத் தேங்கும் இடத்தில் இழுத்தேன். இரண்டு முறை தூணில் தட்டியது. மூன்றாவது தட்டு, தூண் அல்ல.

ஒன்றரைச் சாண் கொடுவா. அதன் செவுள்மூடி பிளேடு. நுனியில் ஒரு முழம் தடித்த நைலான் சேர்த்திருந்ததால் நரம்பு பிழைத்தது, என் கட்டைவிரல் பிழைக்கவில்லை. கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, வருடங்கள் போய்ப் பெருத்தபின் பெண்ணாக மாறும் மீன். இந்த அளவில் பிடித்துத் தின்றால் அது அம்மாவாகவே ஆகப்போவதில்லை. விட்டுவிட்டேன். அமாவாசையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

விரலில் கட்டுப் பார்த்ததும் மனைவி, "வேடிக்கை கடிச்சிடுச்சா?" என்றாள்.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

புரட்டாசி. நேற்று சனிக்கிழமை திருவந்திபுரம் பெருமாள் கோவிலில் கூட்டம் தாங்கவில்லை. இந்த மாதம் முழுக்கக் கம்பைத் தொடுவதில்லை.

டப்பாவையாவது துடைத்து வைப்போம் என்று பரண்மேலிருந்து இறக்கினால் அழுகைதான் வந்தது. உப்பனாற்று உப்பைக் கழுவாமல் வைத்ததில் முள்ளெல்லாம் துரு. அதைவிட மோசம், ரப்பர் புழுக்களை கிராங்க்பெயிட்டோடு ஒரே அறையில் போட்டிருந்தேன். இரண்டும் சேர்ந்து உருகிக் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கிடக்கின்றன. இந்த மென்மையான ரப்பரில் இருக்கும் எண்ணெய் சில பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும், தனித்தனிப் பையில் வைக்க வேண்டும் என்று மச்சான் இப்போது சொல்கிறான்.

இந்த ரப்பர் புழுவை உருவாக்கியவர் நிக் கிரீம், ஒஹையோ மாநிலத்து அக்ரான் ஊர்க்காரர், 1949-ல். அதற்கு முன்பெல்லாம் மரத்திலும் உலோகத்திலும் செய்த லூர்தான் அதிகம். 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம் கணக்கில் பத்து கிலோவுக்குச் சற்று மேல். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தச் சாதனையை 77 வருடம் யாராலும் தொட முடியவில்லை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா சமன் செய்தார், அதுவும் லூரில் அல்ல, உயிர்மீனை இரையாகப் போட்டு. இதைப் பெரியவரிடம் சொல்லக் கூடாது.

2024 அக்டோபர் 27, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்குப் புதுத்தண்ணீர் வருகிறது, டீ நிறத்தில். போன வருடத்து விரால் எங்கே இருந்ததோ, மடைவாயில் துள்ளுகிறது.

தவளையை இரண்டு மணி நேரம் இழுத்தேன், ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. மீன் உடம்போரக் கோட்டில் அதிர்வை உணர்ந்துதான் இரையைக் கண்டுபிடிக்கிறது. 'இலையுதிர்' கட்டத்தில் இருந்த ஸ்பின்னர்பெயிட்டை எடுத்தேன். அதில் இரண்டு விதத் தகடு. வேப்பிலை மாதிரி நீண்டது ஒன்று, மினுக்கும், தெளிந்த தண்ணீருக்கு. வட்டமாகக் கரண்டி மாதிரி இருப்பது மற்றொன்று. சுழலும்போது கம்பின் அடி வரை 'டுப்டுப்' என்று கைக்குத் தெரியும். கலங்கலுக்கு அதுதான். வாய்க்கால் தண்ணீர் ஏரித் தண்ணீரோடு கலக்கும் ஓரத்தில் கரையை ஒட்டி இழுத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரால், அதில் ஒன்று முக்கால் கிலோ. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது கைநிறைய மீனோடு வீட்டுக்குப் போன அனுபவம் முதல்முறை.

அங்கே இலையுதிர் காலத்தில் குளிர் வரும் என்று பாஸ் வயிறு நிறையத் தின்று வைக்கும். இங்கே புதுத்தண்ணீர் வந்தது என்று விரால் தின்கிறது. காரணம் வேறு, தகடு ஒன்றுதான்.

2024 டிசம்பர் 15, ஞாயிறு

பதினைந்து நாள் எதையும் எழுத முடியவில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று கொட்டியது. அது போதாதென்று சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. மோட்டார், ஃப்ரிட்ஜ், பையனின் புத்தகம் எல்லாம் போயிற்று. டப்பா பரண்மேல் இருந்ததால் தப்பியது. அதைச் சொல்லி வீட்டில் சந்தோஷப்பட முடியாது.

இன்றுதான் ஏரிப்பக்கம் போனேன். கலிங்கல் வழிகிறது. கோரைக்குள் ஒரு முறம் அகலத்துக்குத் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. என்னவென்று நின்று பார்க்காமல் பழக்கத்தில் தவளையை வீசிவிட்டேன். விழுந்த உடனே அடி. கரைக்கு இழுத்தபிறகுதான் பார்த்தேன், கொதித்தது செந்நிற விரால் குஞ்சுக் கூட்டம். இது காவல் நின்ற தாயோ தகப்பனோ. பசிக்கு அடிக்கவில்லை, பிள்ளைகள்மேல் ஏதோ விழுந்தது என்று அடித்திருக்கிறது.

முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டேன். கை நடுங்கியதில் கழற்றவே நேரமாகிவிட்டது. அதற்குள் ஜிலேபிகள் கூட்டத்தின் ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தன. விட்ட மீன் கூட்டத்துக்குத் திரும்பியதா என்று அரை மணி நின்றும் தெரியவில்லை.

பெரியவர் பேசவில்லை. தன் கம்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

மச்சான் வீடியோவில் வந்தான். "மாமா, எந்தக் கட்டம் வேலை செஞ்சுது?" என்றான். மூடியைக் காட்டினேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: தெளிந்தால் புழு. பாசி மூடினால் கருப்புத் தவளை, இரண்டு எண்ணு. கலங்கினால் வட்டத் தகடு. ஆற்றுக்கு மட்டும் கிராங்க்பெயிட், வந்ததும் கழுவு. கோரைக்குள் தண்ணீர் கொதித்தால் வீசாதே.

"மாசம் போடலையே?" என்றான். தண்ணீர் எப்போது வரும் போகும் என்பது எனக்கே தெரியாதபோது மாசத்தை எங்கே போடுவது. அடுத்த முறை வரும்போது கருப்புத் தவளை நாலு வாங்கி வரச் சொன்னேன். ஒன்று பெரியவருக்கு. வாங்கிக்கொள்வாரா என்று பார்க்க வேண்டும்.