வேறு நோய் ஒன்றும் இல்லை

பக்கவாத நோயாளிகளுக்கான எங்கள் பதிவுப் படிவத்தில் ‘உடன் உள்ள நோய்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய நாட்களில் அதில் நான் அதிகம் எழுதிய சொல், ‘இல்லை’.

ஒரு கொத்தனார் இன்னும் நினைவில் இருக்கிறார். வயது 46. சாரத்தில் நின்றுகொண்டிருந்தவருக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரத்த அழுத்தம் 220/130. சிடி ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளையாக ரத்தம். வேறு நோய் உண்டா என்று மனைவியிடம் கேட்டேன். “தலைவலி, காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை, டாக்டர்.” எழுதிக்கொண்டேன்: இல்லை. மறுநாள் எக்கோவில் (இதயத்தின் ஒலியலை ஸ்கேன்) பார்த்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. ஓரிரு நாளில் தடிக்கிற சுவர் அல்ல அது. ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறது அந்த இதயம்.

பிறகு இங்கிலாந்தில் சில ஆண்டுகள். அங்கே 84 வயதுப் பாட்டி வந்தால் கூடவே குடும்ப மருத்துவரின் கடிதமும் வரும்: ரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, சிறுநீரகக் குறைபாடு, மூட்டுவலி, காது மந்தம். கட்டம் போதாமல் ஓரத்தில் எழுதுவேன். இரு ஊர்ப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த நண்பர், “உங்கள் ஊர்க்காரர்கள் ஆரோக்கியமானவர்கள்போலத் தெரிகிறதே” என்றார். சிரிப்புத்தான் வந்தது.

பக்கவாதத்துக்கான காரணங்களைத் தேடி 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, ‘தெரியாத நோயை இல்லாத நோய்’ என்று எண்ணும் இந்தப் பள்ளத்தில் விழவில்லை. நோயாளி சொன்னதோடு நிற்காமல், அளந்தபோது 140/90ஐ எட்டியவர்களையும் ரத்த அழுத்தக்காரர்களாகவே கணக்கில் எடுத்தார்கள்.

பக்கவாதத்தின் வகையிலும் இதே சங்கடம்தான். மேலை நாடுகளில் நூற்றில் 85 பேருக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. நம்மிடம் ரத்தக் கசிவின் பங்கு அதிகம். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் அதற்கு உண்மையான காரணம், சந்தேகமில்லை. ஆனால் கசிவு வந்தவர் வாந்தியெடுத்து மயங்கி விழுகிறார், ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். லேசாக வாய் கோணியவரோ எண்ணெய் தேய்க்கவும் புறா ரத்தம் பூசவும் போய்விடுகிறார். எங்கள் கணக்கில் அவர் ஏறுவதே இல்லை.

சீரற்ற துடிப்புக்கான கட்டத்தில் அந்தப் பாட்டிக்கும் டிக், இங்கே 29 வயதுப் பெண்ணுக்கும் அதே டிக். பாட்டிக்கு முதுமை. இவளுக்கோ சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கியிருந்தது. மருந்தும் வேறு: ரத்தம் உறையாமலிருக்கப் பாட்டிக்குப் புதிய மாத்திரைகள் போதும், இவளுக்குப் பழைய வார்ஃபரின்தான். இவளைப் போன்ற நோயாளிகளிடம் நடந்து 2022இல் வந்த இன்விக்டஸ் ஆய்வும் அதையே உறுதிசெய்தது.

ஊர் திரும்பியபின் ‘இல்லை’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, ‘இதுவரை பார்க்கப்படவில்லை’ என்று எழுதத் தொடங்கினேன். மாதக் கடைசியில் கணினிப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். தட்டச்சு செய்த தம்பி எல்லாவற்றையும் ‘இல்லை’ என்றே ஏற்றியிருந்தார். கணினியில் அவருக்கு இருந்தவை இரண்டே பொத்தான்கள்.