தண்ணி இல்லாத மலை

எங்க ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் என்றால் தாழையூத்துதான், சிமெண்டுக்காகத் தோண்டின பள்ளம். அதே கல் 2,864 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்பதை ஆகஸ்டில் ஸ்லோவேனியாவில் பார்த்தேன். த்ரிக்லாவ். அந்த நாட்டுக் கொடியிலேயே இருக்கிற மலை.

ஏறப் பல வழி. வ்ராத்தா பள்ளத்தாக்கிலிருந்து போகிற ப்ராக், தோமின்ஷெக் என்ற இரண்டு வழியும் செங்குத்து, பாறையில் அடித்த இரும்பு முளையையும் கம்பியையும் பிடித்துத்தான் ஏறணும். எனக்கு முட்டிவலி, அதனால் கிர்மா பள்ளத்தாக்கு வழி (என் வாயில் கர்மா என்றுதான் வருகிறது). நீளம், ஆனால் நம்ம மாடுகூட ஏறிடும் என்றான் கூட வந்த மச்சினன். சரி என்று நம்பினேன். 2,515 மீட்டரில் கிரெடாரிட்சா விடுதி, ராத்திரி அங்கே தங்கல். அதற்கு மேல் எந்த வழியாக வந்தாலும் கம்பிதான், தப்ப முடியாது. உச்சியில் 1895-ல் வைத்த குட்டித் தகரக் கோபுரம் ஒன்று, ஆள் ஒதுங்கலாம்.

ஆனால் என்னை உலுக்கியது தண்ணீர். பொதிகைப் பக்கம் நடந்தால் எந்த வளைவிலும் ஓடைச் சத்தம் கேட்கும், இங்கே மழை பெய்தாலும் கல் வெடிப்பு வழியாக அப்படியே உள்ளே இறங்கிப் பாதாளத்தில் ஓடுகிறது, மேலே சொட்டு நிற்காது. இரண்டு லிட்டர் பாட்டிலைச் சுமந்துகொண்டு பாபநாசத்துக்காரன் தவித்த தவிப்பு இருக்கிறதே!

படத்தை ஆச்சிக்குக் காட்டினேன். "குளிக்க ஒரு அருவி இல்லாத மலைக்கு இவ்ளோ துட்டு குடுத்து எதுக்குலே போன?"