காளைக்கு நின்றவன் நரிக்கும் நிற்கிறேன்

2017 ஜனவரியில் மெரினாவில் காளைக்காக நின்றவர்களில் நானும் ஒருவன். தண்டையார்பேட்டையிலிருந்து தெருப் பசங்களோடு கிளம்பிப் போய் மணலிலேயே படுத்து எழுந்தோம். இது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான், பொங்கல் லீவு முடிந்து வந்த வாழப்பாடித் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணா, காளைக்கு ராத்திரியெல்லாம் பீச்சுல உக்காந்தீங்க. எங்க ஊரு நரிக்கு மட்டும் ஃபாரஸ்ட்காரங்க பக்கம் பேசுறீங்களே, இது என்னங்க நியாயம்?"

ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை எங்களுக்கு. இறக்குமதிச் சரக்குக்கான 'பில் ஆஃப் என்ட்ரி' பத்திரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் பேச நிறைய பொழுது கிடைக்கும். அன்று முழுக்க இதே பேச்சுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலம் மாவட்டம் வாழப்பாடியைச் சுற்றியுள்ள சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி மாதிரியான ஊர்களில் பொங்கலை ஒட்டி 'வங்கா நரி ஜல்லிக்கட்டு' நடத்துவது வழக்கம். கரட்டுப் பக்கம், அதாவது ஊரை ஒட்டிய சிறு குன்றுப் பக்கம், வலை கட்டி ஒரு குள்ளநரியைப் பிடிப்பார்கள். மாலை போட்டு, மேளத்தோடு மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். காலில் கயிறு கட்டிக் கூட்டத்துக்கு நடுவே ஓடவிட்டு, பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் வெள்ளாமை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. வனத்துறை இதற்குத் தடை சொல்லி, வழக்குப் போட்டு, அபராதமும் வாங்கிவருகிறது.

தம்பி செல்லில் ஒரு வீடியோ காட்டினார். அவர் காட்ட நினைத்தது கூட்டத்தின் சந்தோஷம். நான் பார்த்தது நரியை. வாயைக் கட்டியிருக்கிறார்கள். பின்னங்காலில் கயிறு. நாலு அடி ஓடுகிறது, கயிறு இழுக்கிறது, கவிழ்ந்து விழுகிறது, எழுந்து எந்தப் பக்கம் ஓடினாலும் ஆட்களின் கால்களாகவே இருக்கின்றன. மூன்று கிலோ இருந்தாலே அதிகம், அவ்வளவு சின்ன உடம்பு.

"அடிக்கிறதில்லீங்கண்ணா, கும்பிடத்தான் செய்யுறோம். முழுசாத்தான் விடுறோம்" என்றார். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார். ஆனால் குள்ளநரிகள் இணை சேர்வது டிசம்பர், ஜனவரியில். வயிற்றில் குட்டி இருப்பது சுமார் ஐம்பது நாள். அப்படியென்றால் தை மாதம் வலையில் விழுவது பெட்டையாக இருந்தால் அது சினையாகவே இருக்கலாம். ஆணாக இருந்தாலும் ஜோடியிலிருந்து பிரித்துக்கொண்டு வருகிறோம். வருஷத்தில் வேறெந்த மாதத்தைவிடவும் இந்த மாதத்தில்தான் அதைத் தொடக்கூடாது. தம்பிக்கு இது புதிய தகவல். கொஞ்ச நேரம் பேசவில்லை.

காளையைப் பற்றிக் கேட்டாரே, அதற்கு என் பதில் இதுதான். காளைக்கு ஒரு வீடு இருக்கிறது. கன்றிலிருந்து அதை வளர்த்தவர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் அது தொழுவத்துக்குத் திரும்பும், அடிபட்டால் டாக்டர் வருவார். அங்கேயும் கொடுமைகள் நடந்திருக்கின்றன, அவற்றைத் தடுக்கத்தான் விதிகள் வந்தன. நரிக்கு நாம் ஒரு வேளை சோறு போட்டதில்லை. எலி, நண்டு, கரையான், வெட்டுக்கிளி என்று அதுவே தேடித் தின்று, கடலைக்காட்டு எலியையும் குறைத்துக் கொடுக்கிறது. அதன்மேல் நமக்கு என்ன உரிமை?

சட்டமும் வேறு. ஜல்லிக்கட்டுக்காக 2017இல் நம் சட்டமன்றம் திருத்தியது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டதும் அந்த மாதிரித் திருத்தங்களைத்தான். நரியைக் காப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, ஏன், அப்படிச் செய்ய முயல்வதுகூட வேட்டைதான்.

இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் இங்கிலாந்து சட்டத்தைவிட உறுதியானது என்று நினைக்கிறேன். அங்கே குதிரையில் ஏறி நாய்க்கூட்டத்தை ஏவி நரி வேட்டையாடுவது பெரிய பண்பாடாக இருந்தது. வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோதும் விடவில்லை, ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நம் ஊர் நரிகளைத் துரத்தினார்கள். அங்கே இந்த வேட்டையைத் தடை செய்யும் முயற்சிக்கு எதிராக 2002இல் லண்டனில் நாலு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். அவர்கள் சொன்னதும் தம்பி சொன்னதும் ஒன்றுதான்: பட்டணத்துக்காரனுக்குக் கிராமம் தெரியாது, எங்கள் வழக்கத்தில் தலையிடாதே. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளாததால், அதைத் தாண்டிச் செல்லும் தனிச் சட்டத்தைப் பயன்படுத்தி 2004இல் மசோதாவை நிறைவேற்றினார்கள். 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை அமலுக்கு வந்தது.

சரி, வேட்டை நின்றதா? அதற்குப் பதிலாக 'வாசனை வேட்டை' என்று ஒன்று வந்தது. நரியின் மூத்திரம் மாதிரி வாசனையுள்ள திரவத்தில் துணியை நனைத்து முன்கூட்டியே தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். நாய்கள் அந்த வாசனையைத் துரத்தும், உயிருள்ள நரி கிடையாது என்பது கணக்கு. ஆனால் நரி வாசனைக்கே பழக்கப்பட்ட நாய், நடுவில் நிஜ நரி வந்தால் விடுமா? 'தவறுதலாக நடந்துவிட்டது' என்பார்கள். வேண்டுமென்றே செய்ததாக நிரூபிப்பது போலீஸுக்குப் பெரும்பாடு. கடைசியில் இந்த வாசனை வேட்டையையும் தடை செய்வோம் என்று 2024 தேர்தலில் லேபர் கட்சி வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது.

நமக்கு ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பல பொங்கல்களில் நரியைப் பிடித்து, ஓடவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அபராதம். "ஊரே பிரிச்சுக் கட்டிருவோமுங்க" என்றார் தம்பி சாதாரணமாக. மேளக்காரருக்கு, பந்தலுக்கு, அப்புறம் ஃபாரஸ்டுக்கு. வழக்கைச் சமரசமாகக் கட்டி முடித்துக்கொள்ளும் தொகையின் உச்சவரம்பை வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். தொகை எவ்வளவு ஏறினாலும், முன்கூட்டியே வசூல் செய்துவைக்க முடிகிறவரை அது திருவிழாச் செலவுதான்.

அவர் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. "கரட்டையே ப்ளாட் போட்டு விக்கிறானுங்க, நரி குடியிருக்க இடமே இல்ல. அவனுக்கு மாலை போட்டு பர்மிஷன் கொடுக்கறாங்க. ஒரு நாள் பிடிக்கிற எங்களுக்கு கேஸா?" குள்ளநரி குறைந்துபோக முக்கியக் காரணம் புல்வெளியும் புதர்க்காடும் அழிவதுதான் என்பது உண்மை. வடசென்னையில் பிறந்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர் கழிமுகத்து ஓரத்தில் ராத்திரியில் நரி ஊளை கேட்கும் என்று எங்கள் ஆயா சொல்லும். அங்கே உப்பளமும் அலையாத்தியும் இருந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. அந்த ஊளையை நிறுத்தியதற்காக யாரும் அபராதம் கட்டியதாக நான் கேள்விப்படவில்லை. இந்தக் கோபத்தில் நான் முழுக்கத் தம்பி பக்கம். ஆனால் வீடு இழந்த பிராணியையே வலையில் பிடித்து அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள முடியாது.

நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்குப் போனால் கல்லாவுக்கு மேலே 'என்னைப் பார் யோகம் வரும்' என்று கழுதைப் படம் மாட்டியிருப்பார்கள். யாரும் நிஜக் கழுதையைக் கொண்டுவந்து கட்டுவதில்லை, வியாபாரமும் நடக்கிறது. நரி முகத்தில் விழிக்கவும் படம் போதும், மண் பொம்மை போதும். பாரிமுனை நடைபாதையில் தாயத்துக்காக விற்கிற 'நரிக்கொம்பு' விஷயத்திலும் எனக்கு இதே வருத்தம்தான். நரிக்குக் கொம்பே கிடையாது, எதையோ தோலில் சுற்றி விற்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும்வரை எங்கோ ஒரு நரிக்கு ஆபத்துதான்.

வனத்துறை தை மாதம் நோட்டுப் புத்தகத்தோடு வருவதைவிட, கார்த்திகையிலேயே ஊர்க் கூட்டத்தில் உட்கார வேண்டும். வலை கட்டுகிற பெரியவர்களுக்குத்தான் நரி எந்தப் புதரில் படுக்கும், எந்த வழியாக வரும் என்று தெரியும். அவர்களைக் காவலுக்கு வைத்துக் கூலி கொடுக்கலாம். கரட்டை ப்ளாட் போடுகிறவன்மீது புகார் கொடுக்க அந்த ஊர்க்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? நரி இருக்கும் இடத்தைக் காட்டி மனுக் கொடுத்தால் நானும் கூட இருந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பியின் பெரியப்பா வலை கட்டுகிறவர்களில் ஒருவராம். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டிருக்கிறார். முதலில் அந்தப் பெரியவரிடம் குட்டி போடும் மாதத்தைப் பற்றிக் கேட்கப் போகிறேன். அவர் என்னைவிட அதிகம் பார்த்திருப்பார்.