சந்துக்குள் ஒரு தகரக் கூரை வீடு

குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் ஏறும்போது மெயின் ரோட்டை விட்டுவிட்டுச் சந்துக்குள் புகுந்து நடப்பது என் வழக்கம், அப்படித்தான் இந்த வீடு கண்ணில் பட்டது. எந்தச் சந்து என்று சொல்ல மாட்டேன், அப்புறம் சீசனில் ஆளாளுக்கு வாசலில் நின்று செல்ஃபி எடுப்பார்கள்.

பங்களா எல்லாம் இல்லை, உள்ளே மூன்று அறை இருந்தால் அதிகம். ஆனால் பெரிய பங்களாக்களில் இருப்பதெல்லாம் இதிலும் உண்டு: சரிந்து இறங்கும் தகரக் கூரை, செங்கல் புகைபோக்கி, சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கண்ணாடி ஜன்னல். கூரை ஓரம் முழுக்கப் பலகையை இலை இலையாக அறுத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இலையின் நடுவிலும் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. இடது பக்கம் நாலைந்து இலை எப்போதோ உடைந்துபோக, யாரோ தகரத்தை அதே வடிவத்தில் வெட்டி ஆணி அடித்திருக்கிறார்கள், அந்த ஓட்டையைக்கூட விடாமல். அதைப் பார்த்ததும்தான் வீட்டை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த இலைகள் வெறும் அலங்காரம் இல்லை. கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் நுனியில் கூடிச் சொட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் விழுகிற மழைக்கு இது வேண்டும். தகரமும் அப்படித்தான், கூரை ஓடுகளை விட எடை குறைவு, மலை ஏற்றிக் கொண்டுவரச் சுலபம். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-ல்தான், அதற்கு முன்னால் எல்லாம் மாட்டுவண்டி. இப்போது கோயம்புத்தூரைப் பார்த்து மொட்டை மாடி வைத்துக் கட்டுகிறோம், நாலு மழையில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்ததும் அந்த மாடிக்கு மேலேயே தகரம் போடுகிறோம்!

நீலகிரியில் பழைய வீடு என்றாலே 1820களில் ஊட்டியில் வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் கட்டிய கல் பங்களாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் கூரையைத் தரைவரை வளைத்து, தவழ்ந்து நுழையும் அளவுக்கு வாசல் வைத்து, மழைக்கும் குளிருக்கும் ஒரே வீட்டில் வழி பண்ணிவிட்டார்கள்.

நான் நின்று பார்ப்பதைப் பார்த்து உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். வாசலில் பெயின்ட் டப்பாக்களில் ஜெரேனியம் பூச்செடி, பாதி மொட்டையாக இருந்தது. காட்டுமாட்டின் வேலை.

"என்னங்க, யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லக்கா, வீடு அழகா இருக்கு, அதான்."

"பார்க்கத்தான் அழகு. மழை வந்தா டிவி ஒரு வார்த்தை கேக்காதுங்க."

மழைக்கு முன்னால் கூரைக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறிவிடும் என்றார். சிவப்பா பச்சையா என்று என்னிடமே கேட்டார். சிவப்பு நல்லா இருக்கும் என்றேன்.

"பச்சை வாங்கி வெச்சாச்சு," என்று சொல்லிவிட்டு ஜெரேனியம் டப்பாக்களை உள்ளே எடுத்துவைக்க ஆரம்பித்தார்.