கிண்ணியாப் பாதையும் பாய்ச்சுருளும்

எங்கள் ஊரில் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். இந்த மலரை வாசிக்கும் பிள்ளைகளில் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்தவர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை, சீனக்குடாப் பக்கத்தால் கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டிறங்கி, அந்தப் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர்வார்கள். என் அம்மம்மா வீடு ஆலங்கேணியில். அதனால் பள்ளிக்கூட விடுமுறை என்றாலே எனக்குப் பாதை ஞாபகம்தான்.

1979ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு. திருகோணமலை பஸ் நிலையத்தில் ஏறி யன்னலோரம் இடம்பிடித்துவிட்டேன். பஸ் புறப்படும் நேரம் பத்துப் பேர் ஒன்றாக ஏறினார்கள். வெள்ளை ஜுப்பா, சாரம், தொப்பி. தோளில் பாய்ச்சுருள். ஒருவர் கையில் மண்ணெண்ணெய் அடுப்பு, இன்னொருவரிடம் பெரிய சட்டி. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிவாசல்களில் தங்கி மார்க்கம் சொல்கிற முஸ்லிம்கள், தப்லீக் ஜமாஅத்காரர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதோடு பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதும் மனதில் இருந்தது: "அவையோட கதைச்சுப்போடாத, தொப்பி போட்டுக் கூட்டிக்கொண்டு போயிடுவினம்."

அவர்களில் வயதான ஒருவர் என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல நெரிசல். ஒரு கை கம்பியில், மறு கையில் பாய்ச்சுருள். "மகன், இதக் கொஞ்சம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நம் ஊர் பஸ்களில் இது சாதாரண விடயம். இருக்கிறவர் நிற்கிறவரின் பையை மடியில் வாங்கிக்கொள்வார், யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை. நான் காது கேளாதவன்போல யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பாதையடி வரும்வரை அதைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கோரைப்பாயைச் சுற்றிக் கட்டியிருந்த நீலக் கயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஆச்சி சொன்னதைச் சொல்லி, உண்மையா என்று கேட்டேன். அப்பா கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், கிளாக்கர். அதிகம் பேசமாட்டார். "மார்கழியில நாங்கள் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கொண்டு திருவெம்பாவை பாடிப்பாடித் தெருத்தெருவாப் போறமே, ஏன்?" என்றார். "ஆக்கள எழுப்ப" என்றேன். "அவையும் தங்கட ஆக்கள எழுப்பத்தான் போகினம்." அவ்வளவுதான். பிறகு பேப்பரை விரித்துவிட்டார்.

தங்கட ஆக்கள். இந்தச் சொல்லை அடுத்த ஆண்டுகளில் வேறு வாய்களிலிருந்தும் கேட்டேன்.

நம் கல்லூரியில் என் வகுப்பில் கிண்ணியாவிலிருந்து ஒருவன் படித்தான். திருகோணமலை ஜமாலியாவில் சாச்சி வீட்டில் தங்கியிருந்தான். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறான், அதனால் நண்பன் என்றே எழுதுகிறேன். 1981இல் சாதாரண தரப் பரீட்சைக்கு முன் ஒரு வாரம் அவன் வீட்டில் தங்கிப் படித்தேன். அவனுடைய வாப்பா வயற்காரர். பெரும்போகம் வெட்டி நெல்லை வீட்டில் ஏற்றியதும் நாற்பது நாள் ஜமாஅத்தில் போய்விடுவார். நான் போன சமயம் அது இல்லை, மூன்று நாள் பயணமாக மூதூர்ப் பக்கம் போயிருந்தார்.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். நாங்கள் திண்ணையில் கணக்குச் செய்துகொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே ஸலாம் சொல்லும் சத்தம். ஐந்தாறு பேர் தெருவோரமாக, பார்வையைக் கீழே போட்டபடி வந்து நின்றார்கள். இதற்குக் 'கஷ்த்' என்று பெயர், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. வேற்றூர் ஜமாஅத் ஒரு பள்ளிவாசலில் வந்து தங்கினால், அந்த ஊர்க்காரர் ஒருவர் வழிகாட்டியாக முன்னே போவார், ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் மனதுக்குள் திக்ரு (இறை நினைவு) செய்துகொண்டு நிற்பார்கள். மஃரிபு (அந்தித் தொழுகை) முடிந்த பிறகு பள்ளிவாசலில் பயான் (மார்க்க உரை) இருக்கிறது, வாருங்கள் என்று அழைப்பார்கள். இதெல்லாம் பிறகு நண்பன் சொல்லித் தெரிந்தது.

பேசுகிறவர் நண்பனிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். நண்பன் என் பெயரைச் சொன்னான். எனக்குக் கை வியர்த்தது. ஆச்சியின் எச்சரிக்கை நினைவுக்கு வந்தது. அவரோ, "படியுங்க மகன். நாங்க எங்கட ஆக்களப் பாத்துப் பேசிட்டுப் போக வந்த. உம்மா வாப்பா சுகமா இருக்காங்களா? சோதினை எப்ப?" என்று கேட்டார். பரீட்சை நன்றாக எழுதத் தான் துஆ (பிரார்த்தனை) கேட்பதாகச் சொன்னார். அடுத்த வளவுக்குப் போய்விட்டார்கள்.

பயம் போய்விட்டது, உண்மை. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது. என்னைக் கூப்பிடவில்லையே என்ற ஒரு சின்னத் துக்கம். நான் பள்ளிவாசலுக்குப் போக விரும்பியவனல்ல, கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். ஆனாலும் நண்பன் சேட்டை மாற்றிக்கொண்டு அவர்கள் பின்னால் போனபோது திண்ணையில் தனியே இருந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு கோடு இருப்பதை அன்றுதான் முதலில் உணர்ந்தேன். அதைப் போட்டவர் கோபத்தில் போடவில்லை, மரியாதையாகத்தான் போட்டார்.

அன்றிரவு உம்மா பாலும் வாழைப்பழமும் தந்தா. எங்கள் இருவருக்கும் தந்துவிட்டு, பட்டியில் மாட்டைப் பார்க்க அவவே விளக்கோடு போனா. வாப்பா இல்லாத நாட்களில் வயற்கூலி, மாடு, ஐந்து பிள்ளைகள் எல்லாம் அவ தலையில். "நாற்பது நாள் அல்லாட பாதையில போற, நல்லதுதான். வீட்டில இருக்கிறவளுக்கும் ஆரும் பயான் சொல்லட்டுமே" என்று நண்பன் முணுமுணுத்தான். முஸ்லிம்களுக்குள்ளேயே இந்த இயக்கத்தைப் பற்றிக் கேள்விகள் உண்டு, அதில் இதுவும் ஒன்று. எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. ஆனால் உம்மா ஒரு நாளும் குறை சொன்னதை நான் கேட்கவில்லை.

நண்பன் எனக்கு விளக்கிய விபரம் இவ்வளவு. 1920களில் டில்லிக்குத் தெற்கே மேவாத் பகுதியில் மௌலானா முஹம்மது இல்யாஸ் தொடங்கியது. டில்லி நிஸாமுத்தீனில் தலைமையகம். மாற்று மதத்தவரைச் சேர்ப்பது இவர்கள் வேலையில்லை. பெயரளவில் முஸ்லிமாக இருக்கிறவரைத் தொழுகைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். போகிறவர் தன் செலவைத் தானே பார்க்கவேண்டும். ஆறு விடயங்களை விரல் மடக்கிச் சொன்னான்: கலிமா (விசுவாச உறுதிமொழி), தொழுகை, இல்மும் (அறிவு) திக்ரும், இக்ராம், இக்லாஸ் (தூய எண்ணம்), தஃவா (அழைப்பு). இக்ராம் என்றால் என்ன என்று கேட்டேன். "மற்றவனுக்குக் கண்ணியம் குடுக்கிற. அவன்ட பாரத்த நீ தூக்கிற" என்றான். எனக்கு அந்த நீலக் கயிறு நினைவுக்கு வந்தது. அவனிடம் சொல்லவில்லை.

1982இல் எங்கள் சாரணர் குழு கொழும்புக்குப் போனது. இரவு மெயில் ரயில். விடியப்புறம் நான் விழித்துக்கொண்டிருந்தேன். அதே பெட்டியில் ஒரு ஜமாஅத். சுபஹு தொழுவதற்கு மக்காவின் திசை பிடிபடாமல் அவர்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் என்றால் சுலபம். நிலாவெளியிலோ குச்சவெளியிலோ கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் ஏறக்குறையச் சரி. ஓடுகிற ரயிலில், இருட்டில், யாருக்குத் தெரியும்? என்னிடம் சாரணர் திசைகாட்டி இருந்தது. எழுந்துபோய், "மேற்கிலயிருந்து கொஞ்சம் வடக்கால திரும்போணும், என்ன?" என்று கேட்டேன். அவர்களின் அமீர் (குழுத் தலைவர்) ஆச்சரியத்தோடு தலையசைத்தார். திசைகாட்டியை உள்ளங்கையில் மட்டமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டவாளம் வளைந்தபோதெல்லாம் முள் ஆடியது, நான் கையை அசைக்காமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு இரண்டு பேராக இருக்கைகளுக்கிடையில் நின்று தொழுது முடித்தார்கள். பிறகு பேரீச்சம்பழம் தந்தார்கள். எங்கள் சாரணர் ஆசிரியர் எல்லாவற்றையும் கண்ணை மூடியபடியே கவனித்திருக்கிறார். கோட்டை நிலையத்தில் இறங்கும்போது என் தோளில் தட்டினார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் 1989இல் இலண்டன் வந்துவிட்டேன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் எரிந்தன, அங்கேயும் பிணங்கள் விழுந்தன. 'எங்கட ஆக்கள்' என்ற சொல் அப்போது துவக்கோடு வந்தது. நண்பனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் இருந்தேன். கடைசியில் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். வந்த பதிலில், "வாப்பா உன்னை அடிக்கடி விசாரிப்பார்" என்று ஒரு வரி இருந்தது. அந்த விமானக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இலண்டனில் பிரசாரகர்களைக் கண்ட விதம் வேறு. ஈஸ்ட்ஹாம் நிலையத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமைகளில், மேசை போட்டுத் துண்டுப்பிரசுரமும் குர்ஆன் மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கொடுப்பார்கள். தப்லீக்காரர்கள் அல்லர், வேறு அமைப்பு. ஒரு நாள் மரக்கறிப் பையோடு போன என்னை ஓர் இளைஞர் மறித்தார். நல்ல பிள்ளை, நல்ல ஆங்கிலம். கடவுளுக்கு உருவம் உண்டா, உண்டென்றால் ஆதாரம் என்ன என்று கேட்டார். பத்து நிமிடத்தில் ஏழெட்டுக் கேள்வி. கோணேசர் மலையில் சின்ன வயதில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதை எந்த ஆதாரமாகச் சொல்வது? அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட என்னைப் பற்றியதாக இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார், அது உண்மை. 1981இல் திண்ணையில் இல்லாமற் போன அழைப்பு. கிடைத்தபோது அதில் எனக்குச் சந்தோசம் இல்லை. சோதினை எப்ப என்று கேட்டுவிட்டு அடுத்த வளவுக்குப் போனவரிடம் இருந்த பரிவு எனக்கு வேண்டியிருந்தது. அந்த இளைஞர் தான் நல்லதென்று நம்பியதை மறைக்காமல் தெருவில் நின்று சொன்னார், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. புத்தகத்தை வாங்கி வந்தேன், வீட்டு அலுமாரியில் மரியாதையாக வைத்திருக்கிறேன்.

2014இல் ஒரு தொலைபேசி அழைப்பு. நண்பன்! நான்கு மாத ஜமாஅத்தில் இங்கிலாந்து வந்திருக்கிறான், டியூஸ்பரியில் நிற்கிறான். ஐரோப்பாவுக்கான தப்லீக் மர்கஸ் (தலைமையிடம்) அங்கேதான் இருக்கிறது. மூன்றரை மணித்தியாலம் கார் ஓடிப் போனேன். பள்ளிவாசல் வாசலில் நின்றான். நரைத்த தாடி, ஜுப்பாவுக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை. ஜமாஅத்தில் இருக்கும்போது சொந்த அலுவல் பார்க்கக்கூடாதாம். அமீரிடம் கேட்டு அரை மணித்தியாலம் வாங்கியிருந்தான். அமீர் குஜராத்திக்காரர். நான் இலண்டனிலிருந்து வந்தேன் என்றதும், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரிய தட்டொன்றைச் சுற்றி நான்கு பேர் இருந்து சாப்பிட்டோம். நண்பன் இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"வாப்பா போனதுக்கு அவ்வளவு கோவிச்சனி, இப்ப நீயே போறாய்" என்றேன்.

"வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிச்சுத்தான் முதல் தரம் போன" என்றான். "எங்கள எல்லாம் விட்டுட்டு அங்க என்னத்தப் பாத்தாரெண்டு பாக்கத்தான் போன, மச்சான்."

"பாத்தியா?"

"அவர்ட பாய்லதான் படுத்த." அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா இருக்கும்வரை நாற்பது நாள் போகவில்லையாம், மூன்று நாள்தான்.

பிறகு 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்றின் தற்கொலைக் குண்டுகள். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு. 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சியோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அழுதுகொண்டிருந்த நாட்களில் நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவில் அவனும் அழுதான். சில மாதம் கழித்து, ஜமாஅத்தில் போகிறாயா என்று கேட்டேன். "எப்படிப் போற? பாயச் சுருட்டிக்கிட்டு பஸ்ல ஏறினா சனம் சுருளத்தான் பாக்குது. உள்ளுக்க என்ன இருக்கெண்டு பாக்குது. பக்கத்து சீட் காலியாவே வருது" என்றான். முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அவனிடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். எனக்கு இரவு நித்திரை வரவில்லை. வெறுப்பினால்தான் ஒருவரின் பக்கத்து இருக்கை காலியாகும் என்றில்லை. பதின்மூன்று வயதில் நான் வெறுக்கவில்லை. பயந்தேன், முகத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான். தோளில் சுமையோடு நின்ற அந்த மனிதருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்த 1979ஆம் ஆண்டுக் கதையை அன்றுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எங்கட வாப்பாவா இருந்தாலும் இருக்கும்" என்றான். இருக்கலாம். முகம் எனக்கு நினைவில்லையே.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவனிடமிருந்து செய்தி. மூன்று நாள் ஜமாஅத்தில் புல்மோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானாம். "வேனிலயா?" என்று கேட்டேன். "இல்ல, பஸ்ல. சரியான சனம், நிண்டுகொண்டுதான் வந்த" என்றான். சுருளை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"நிலாவெளியில இறங்கின ஒரு அம்மா. நெத்தி நிறையத் திருநீறு. நான் கேக்கல்ல. அவவே கைய நீட்டி வாங்கி மடியில வச்சிட்டா."