நிறுவல் பாதியில் நின்றால் ரேமையும் சோதியுங்கள்

விண்டோஸ் நிறுவும்போது, தேவையான கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது இல்லாமல் போயிருக்கலாம் என்று 80070570 என முடியும் எண்ணோடு ஒரு பிழைச்செய்தி வருவதுண்டு. அதைப் பார்த்ததும் பலரும் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்குத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) மறுபடி தரவிறக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், கையில் இருக்கும் கோப்பின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளம்) வெளியீட்டாளர் தந்துள்ள மதிப்போடு ஒப்பிட்டாலே அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். மதிப்பு பொருந்தி, வேறொரு பென் டிரைவில் எழுதிப் பார்த்தும் நிறுவல் நின்றால், பழுது பெரும்பாலும் கணினிக்குள்தான் இருக்கிறது.

பிழைச்செய்தியின் வாசகத்தைவிட, அது எந்த இடத்தில் வருகிறது என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவையோ கணினியின் வட்டையோ (ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி) சந்தேகிக்கலாம். ஒருமுறை தொடக்கத்திலேயே, மறுமுறை முடியும் தறுவாயில், அதுவும் வெவ்வேறு செய்திகளோடு நின்றால் முதல் சந்தேகம் கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் மீதுதான் விழ வேண்டும். நிறுவல் நிரல் பல ஜிபி அளவுள்ள சுருக்கிய கோப்புகளை ரேமில் வைத்து விரிக்கிறது. அப்போது ஒரே ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாமல் போய், நல்ல கோப்பும் சிதைந்ததாகவே அதற்குத் தெரிகிறது. அன்றாடப் பயன்பாட்டில் ஒரு படத்தின் ஒரு புள்ளி நிறம் மாறினால் யார் கண்ணிலும் படாது என்பதால், அதுவரை நன்றாக ஓடிய கணினி நிறுவலில் மட்டும் தடுமாறுவதில் வியப்பில்லை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவிலிருந்து துவக்கி, முடிந்தால் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். திரையில் ஒரு பிழை சிவப்பில் தோன்றினாலும் அதைப் புறக்கணிக்கக் கூடாது. பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். பிழை மறைந்தால் பெரும்பாலும் ரேம் கெட்டுவிடவில்லை, அந்த வேகம்தான் ஒத்துவரவில்லை. மறையாவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு ரேமை மட்டும் பொருத்திச் சோதித்து, பிறகு அதையே வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பிழை ரேமோடு இடம் மாறுகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்பதை வைத்து, மாற்ற வேண்டியது ரேமா மதர்போர்டா என்று முடிவு செய்யலாம்.

ரேமில் பிழை இல்லையென்றால் அடுத்து வட்டைச் சோதிக்க வேண்டும். சாட்டா கேபிளில் இணையும் வட்டுகளில் ஸ்மார்ட் அட்டவணையை (வட்டு தன் நலம் குறித்துத் தானே பதிந்துவைக்கும் எண்கள்) பாருங்கள். 5 (மாற்றப்பட்ட பழுதான பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள்) ஆகிய வரிசைகளின் மூல மதிப்பு கூடிக்கொண்டே போனால் வட்டு பழுதாகி வருகிறது. 199 (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிய பின்னும் 199-இன் பழைய எண்ணிக்கை அப்படியே இருக்கும், அதற்கு மேல் ஏறாமல் இருந்தால் போதும். வட்டே பட்டியலில் தெரியவில்லை என்றால் அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வட்டுகளைக் கையாளும் இன்டெல் விஎம்டி என்ற வசதி இயக்கத்தில் உள்ள கணினிகளில் அதற்குரிய டிரைவரை நிறுவலின்போதே ஏற்ற வேண்டியிருக்கும்.

பழுதான ரேமைக் கழற்றிய பிறகு, பாதியில் நின்ற நிறுவலைத் தொடராதீர்கள். அந்த ரேமின் வழியாக வட்டில் எழுதப்பட்ட எந்தக் கோப்பையும் நம்ப முடியாது என்பதால், புதிய நிறுவலுக்காக உருவாக்கிய பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) அழித்து முதலிலிருந்து நிறுவுவதே சரி.