இளநீரும் ஆறு குப்பி ரெம்டெசிவிரும்

2021 மே முதல் வாரம், சென்னை. சிறுநீரகம் பழுதான அப்பாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் (ரத்தத்தில் சேரும் கழிவையும் உப்பையும் கூடுதல் நீரையும் மிஷின் வழியாக எடுப்பது). செவ்வாய் காலை கொரோனா முடிவு வந்தது. மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்த மையத்துக்குப் போன் செய்தேன். "பாசிட்டிவா? வாசலுக்கே வராதீர்கள்" என்று வைத்துவிட்டார்கள். வேறு எங்கே போவது என்று ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. அந்த நாட்களில் அதுவே லாட்டரி. "ஆக்சிஜன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுச் சேர்த்துவிட்டேன். கொரோனா வார்டில் டயாலிசிஸ் மிஷின் இல்லை என்பது வியாழன்தான் தெரிந்தது. நான் செய்த தவறு இது, நீங்கள் செய்யாதீர்கள். பாசிட்டிவ் நோயாளிக்கு டயாலிசிஸ் செய்வார்களா, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் படுக்கையைப் பற்றிப் பேசுங்கள்.

அன்று மாலை பணி மருத்துவர், கொரோனாவுக்கு அப்போது எல்லோரும் தேடிய வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிர் ஆறு குப்பிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை விற்ற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரவு முழுக்க வரிசை. செருப்பையும் பையையும் இடம்பிடிக்க வைத்துவிட்டு நடைபாதையில் படுத்திருந்தார்கள். விடியும் நேரத்தில் அப்பாவின் சிறுநீரக மருத்துவர் போனில் கிடைத்தார். "இந்த அளவு பழுதான சிறுநீரகத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லையே, எழுதியவர் கிரியாட்டினினைப் பார்த்தாரா?" என்றார். சிறுநீரகம் எவ்வளவு பழுது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. (அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதை அனுமதித்தது 2023-இல். அன்றைய விதி வேறு.) வரிசையை விட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் நன்றி சொன்னார்.

திரும்பி வந்தால் அப்பாவின் மேசையில் இளநீர், சாத்துக்குடிச் சாறு, ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர். வார்டில் எல்லோருக்கும் அதே தட்டுதான். இரண்டு டயாலிசிஸ் தவறியவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். மூன்று வருடமாக ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் கணக்குப் பார்த்தவர், "சிஸ்டர் கொடுத்தாரே" என்று பாதி குடித்திருந்தார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட இடது கையில் ரத்த அழுத்தப் பட்டையும் சுற்றியிருந்தது. அதைக் கழற்றவைத்து, "இந்தக் கையில் ஊசி, பிபி கூடாது" என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினேன். நான் செய்த உருப்படியான ஒரே காரியம் அதுதான்.

வெள்ளி மதியம் ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம். நுரையீரலில் கொரோனா பரவிவிட்டது, வென்டிலேட்டருக்குத் தயாராக இருங்கள் என்றார்கள். சிறுநீரக மருத்துவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "எடை பார்த்தார்களா?" பார்க்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடிப் பார்க்கவைத்தால், வழக்கமான எடையைவிட நான்கு கிலோ கூடுதல். அத்தனையும் வெளியேறாத நீர்; அது நுரையீரலிலும் தேங்கி மூச்சை அடைக்கும். அவரே பேசி வேறு மருத்துவமனையில் இடம் வாங்கினார். அங்கே கொரோனா நோயாளிகளுக்கென்று ஒரே ஒரு மிஷின்; எங்கள் முறை இரவு இரண்டு மணிக்கு. மூன்று லிட்டர் எடுத்தார்கள். காலையில், கொடுத்த ஆக்சிஜனைக் கூட்டாமலே 94 காட்டியது. கொரோனா இல்லாமல் போய்விடவில்லை. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, அதனால் ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் என்று இன்னும் பத்து நாள் ஓடியது. ஆனால் வென்டிலேட்டர் பேச்சு அதோடு நின்றது.

கொரோனா வந்த டயாலிசிஸ் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் 28 நாளுக்குள் இறந்ததாக 2020-இன் ஐரோப்பியப் பதிவேட்டுக் கணக்கு ஒன்று உண்டு. குறைந்த எதிர்ப்புச் சக்தி, சர்க்கரை, பலவீனமான இதயம் என்று காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரிதான். தவறிப்போன செவ்வாய்க்கிழமையை யாராவது அந்தக் கணக்கில் சேர்த்தார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்த அன்று டிஸ்சார்ஜ் தாளை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரி, எல்லோருக்கும் அச்சடித்து வைத்திருந்தது: தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவும். "டேய், இவர்கள் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்" என்றார். மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.